தேடுபொறி உகப்பாக்கம்: காஞ்சிப் பட்டும் ஏனாத்தூரும்

தேடுபொறி உகப்பாக்கம் என்பது ஒரு வணிகத்தின் வலைத்தளம் கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளின் முடிவுகளில் மேலே தெரிவதற்காகச் செய்யப்படும் வேலைகளின் பொதுப் பெயர். தொழிலில் இருப்பவர்கள் எஸ்இஓ என்பார்கள். தேடுபொறிக்குக் காசு கட்டி மேலே இடம்பிடிக்கும் விளம்பரம் இதில் சேராது. நடைமுறையில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். கடைக்காரருக்கு வித்தியாசம் சொல்லப்படுவதும் குறைவு. தேடலில் ஓர் ஊர்ப் பெயருக்கு என்ன விலை என்பதைக் காஞ்சிபுரத்தைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் இக்கட்டுரை இத்தொழிலின் வரலாற்றைக் காஞ்சிப் பட்டு வணிகத்தையும், நகரை ஒட்டிய ஏனாத்தூரையும் முன்வைத்துச் சொல்கிறது.

வலை வருவதற்கு முன்பும் காஞ்சிபுரத்தில் இந்த வேலை நடந்தது. காமாட்சியம்மன் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் என்று வரும் வெளியூர் வண்டிகளை எந்தக் கடை வாசலில் நிறுத்துவது என்பதை ஓட்டுநரும் வழிகாட்டியும் முடிவு செய்தார்கள். விற்றதில் அவர்களுக்குக் கமிஷன். பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி சாலையில் கடை பிடிக்க வசதியில்லாதவர்களுக்கு ஆள் வருவது இப்படித்தான். தேடுபொறி வந்ததும் வண்டியை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கும் வேலை ஒரு கணினி நிரலின் கைக்குப் போனது. கமிஷன் ஒழியவில்லை, வாங்குகிறவர் மாறினார்.

தொடக்க காலம்

இணையத்தில் கோப்புகளைத் தேடித்தந்த முதல் கருவியாகக் கருதப்படும் ஆர்ச்சியை 1990இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கினார். 1994இல் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கிய யாஹூ, ஆட்கள் உட்கார்ந்து தொகுத்த வலைத்தளப் பட்டியல். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா பக்கங்களின் முழு உரையையும் படித்து வைத்துக்கொண்டு தேடித்தந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது.

ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதற்கு அன்றைய தேடுபொறிகள் மிகுந்த மதிப்புக் கொடுத்தன. உடனே, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி ஒளித்துவைக்கும் பழக்கம் வந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் வாசகர் கண்ணுக்குப் படாமல் திறவுச்சொற்களை அடுக்க ஓர் இடம் உண்டு. அதிலும் கடைக்குச் சம்பந்தமில்லாத சினிமா நட்சத்திரப் பெயர்கள் வரை கொட்டப்பட்டன. அந்த இடத்தைத் தரவரிசைக்குத் தாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அதை நிரப்பித்தர ரசீது போட்டவர்கள் உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் நிறுவிய கூகுள், கணக்கையே மாற்றியது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதோடு, மற்றப் பக்கங்கள் அதற்கு எத்தனை இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவர் யார் என்பதையும் அது எடைபோட்டது. ஏமாற்று நிற்கவில்லை, இடம் மாறியது. இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன. உலகெங்குமுள்ள நிறுவனங்களுக்காக இணைப்புச் சேர்த்துக் கொடுப்பதும், நூற்றுக்கணக்கான பட்டியல் தளங்களில் பெயர் பதிவதும் 2000களில் இந்திய நகரங்களில் ஒரு கூலி வேலையாகவே வளர்ந்தது. கணினிப் பட்டம் பெற்ற பலருடைய முதல் சம்பளம் இதில் வந்ததுதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கின. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. காசு கொடுத்துச் சேர்த்த இணைப்புகள் அம்பலமானதால் 2011 பிப்ரவரியில் அமெரிக்கப் பல்பொருள் அங்காடித் தொடரான ஜே.சி.பென்னி தேடல் முடிவுகளில் கீழே தள்ளப்பட்டது. அதே மாதம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழிறக்கும் ‘பாண்டா’ மாற்றம் வந்தது. கூகுள் பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயர் அது. 2012 ஏப்ரலில் போலி இணைப்புகளைக் குறிவைத்த ‘பெங்குவின்’ வந்தது. மலிவு இணைப்பு வேலையை நம்பியிருந்த இந்தியச் சிறு நிறுவனங்கள் பல இந்த இரண்டு அடிகளில் தொழிலை மாற்றிக்கொண்டன.

தமிழில் தேடல்

தமிழ்த் தளங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. தேடினால் கிடைப்பதே அங்கே முதல் பிரச்சினையாக இருந்தது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதைத் தரவிறக்கி நிறுவிக்கொண்டால்தான் பக்கம் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் ஆங்கிலக் குறிகளின் குப்பை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருந்தது அந்தக் குப்பைதான் என்பதால், தேடுபொறியைப் பொறுத்தவரை அப்பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதே மாநாட்டில் வந்த டாம், டாப் எழுத்துக் குறியீடுகளோ ஏற்கெனவே இருந்த பலவற்றோடு இன்னும் இரண்டாகச் சேர்ந்தன. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்வதை எளிதாக்கிய பிறகே நிலைமை மாறியது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறி வந்தபின் எஞ்சியது இலக்கணம். வாங்குகிறவர் பட்டுப்புடவை என்று சேர்த்தும் எழுதுவார், பட்டு புடவை என்று ஒற்றை விட்டும் எழுதுவார், பட்டுச்சேலை என்றும் தேடுவார். காஞ்சிபுரத்தில், காஞ்சிபுரத்துக்கு என்று வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் வடிவமே மாறுகிறது. இவையெல்லாம் ஒன்றே என்று புரிந்துகொள்ள எந்திரத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. இன்னும் முழுதாகப் புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கூகுளின் குரல்வழித் தேடல் 2017 ஆகஸ்டில் தமிழுக்கு வந்தது. தமிழ்ப் பக்கங்களில் கூகுள் விளம்பரம் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது 2018இல். அதுவரை தமிழில் எழுதுகிற தளத்துக்கு அந்த வகையில் வருமானமில்லை. கடைக்காரர்களும் தங்கள் தளத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இது ஒரு பெரிய தவறவிடல்தான். தமிழில் சரியாக எழுதப்பட்ட பட்டுக்கடைப் பக்கம் இன்றும் அபூர்வம்.

பெயர் யாருடையது

ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கோ வேறு சிக்கல். வெள்ளையர் எழுதிவைத்த கான்ஜீவரம், சேலை வியாபாரத்தில் நிலைத்துவிட்ட காஞ்சிவரம், ஒற்றை ‘ஐ’ போட்ட காஞ்சிபுரம், இரட்டை ‘ஈ’ போட்ட காஞ்சிபுரம் என்று ஒரே ஊர் நாலு விதமாக எழுதப்படுகிறது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் இரட்டை ‘ஈ’ போட்டது. வட இந்தியாவிலும் வெளிநாட்டிலும் புடவை வாங்குகிறவர் வாயில் வருவதோ காஞ்சிவரம். பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கித்தந்த படத்தின் பெயரும் அதுதான். எனவே அச்சொல்லைத் தேடினால் நெசவாளியின் சேலையோடு நெசவாளியின் கதையும் வந்து நிற்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தில் பதிவுப் பெயர் மட்டும் இருக்க, வெளியூர் வலைச்சந்தை நாலு எழுத்தையும் போட்டு வைத்தால் யார் மேலே வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

புவிசார் குறியீடு பெயருக்குச் சட்டக் காவல் கொடுக்கிறது. தேடுபொறியின் தரவரிசைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. விசைத்தறியில் நெய்த கலப்புப் பட்டை ‘காஞ்சி ஸ்டைல்’ என்று தலைப்பிட்டு விற்கும் பக்கமும், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் மூன்று நாடா போட்டு, கரையையும் உடலையும் கோர்வையாகச் சேர்த்து நெய்த கைத்தறிச் சேலையின் பக்கமும் எந்திரத்துக்கு இரண்டு பக்கங்கள், அவ்வளவுதான். எதில் விவரம் அதிகம், எதற்கு இணைப்பு அதிகம், எது வேகமாகத் திறக்கிறது என்றுதான் அது பார்க்கும். 1928இல் தொடங்கிய நல்லி போன்ற பழைய கடைகளுக்குப் பத்திரிகைக் குறிப்புகளும் இணைப்புகளும் தாமாகச் சேர்ந்தன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு நல்ல சரக்கு இருந்தும் அந்த வாய்ப்பு அமையவில்லை.

பொதுப் பெயரைத் தேடலில் ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. பாரத்மேட்ரிமோனி தளங்களை நடத்திய சென்னையின் கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகப் பெயர்ச் சொற்களைப் போட்டியாளர்கள் விளம்பரத் திறவுச்சொல்லாக வாங்க விட்டதற்காகக் கூகுள் மீதும் அவர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி போன்ற விவரணைச் சொற்களை ஒருவருக்கே விட்டுக்கொடுப்பதில் உள்ள சிக்கலை அந்த உத்தரவு விரிவாகப் பேசுகிறது. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, விளம்பரத் திறவுச்சொல் விஷயத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் என்று தப்பிக்க முடியாது என்றது. காஞ்சிப் பட்டு நெசவாளர்களும் ஒரு நாள் இந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

வரைபடமும் ஏனாத்தூரும்

சிறு கடைக்கு வழி திறந்தது வரைபடத்தில்தான். கூகுள் 2014 ஜூனில் ‘மை பிசினஸ்’ என்ற பெயரில் கடைப் பதிவை ஒழுங்குபடுத்தியது; 2021இல் அது ‘பிசினஸ் புரொஃபைல்’ ஆனது. இடம் சார்ந்த தேடலில் மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடையின் புகழ். தூரத்தைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. 2015 ஏப்ரல் 21 முதல் கைபேசியில் சரியாகத் தெரியாத தளங்கள் கைபேசித் தேடலில் பின்னுக்குப் போயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் தேடல் முழுக்க உள்ளங்கைக்கு வந்துவிட்டது. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு வந்த கூட்டம் இந்த மாற்றத்தை நேரில் காட்டியது. முந்தைய வைபவம் நடந்த 1979இல் வழி கேட்டு வந்தார்கள். இந்த முறை வழியும், தங்குமிடமும், சாப்பாட்டுக் கடையும் கைபேசியில் பார்த்து வந்தவர்கள் ஏராளம்.

இடம் சார்ந்த தேடலுக்கு ஏனாத்தூர் நல்ல எடுத்துக்காட்டு. 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா, சங்கரா கலை அறிவியல் கல்லூரி, மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இங்கேதான் உள்ளன. ஊர்ப் பெயரைத் தேடினால் இந்த நிறுவனங்கள்தான் வந்து நிற்கும். சுற்றியுள்ள மெஸ், ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, தையற்கடை யாருக்கும் உலகளாவிய தரவரிசை தேவையில்லை. மருத்துவமனை வாசலில் நின்று ‘பக்கத்தில் மெடிக்கல்’ என்று தட்டுகிறவர் கண்ணில் பட்டால் போதும். பட்டு விற்பவருக்கும் இதே கணக்குதான். ‘பட்டுப்புடவை’ என்ற ஒற்றைச் சொல்லில் வலைச்சந்தைகளோடு மோதுவது காசைக் கரியாக்கும் வேலை. ‘காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை, கைத்தறி, அசல் சரிகை’ என்று நீளமாகத் தேடுகிறவர்தான் வாங்க வருகிறவர்.

இந்த நீளமான தேடலில் பல கடைகள் கோட்டை விடுவது மிகச் சின்ன விஷயத்தில். புடவைப் படத்தைக் கைபேசியில் எடுத்து, கேமரா போட்ட எண்ணைக் கோப்பின் பெயராக அப்படியே விட்டு, கீழே ‘விலைக்கு வாட்ஸ்அப் பண்ணவும்’ என்று ஒரு வரி. எந்திரம் படத்தைவிட எழுத்தைத்தான் நம்புகிறது. உடல் என்ன நிறம், கரை கோர்வையா, முந்தானை பேட்னி முறையில் இணைத்ததா, சரிகையில் வெள்ளி எவ்வளவு, எத்தனை கிராம் எடை, சுத்தப் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை உண்டா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, என்ன விலை என்று எட்டு வரி எழுதினால் அந்தப் பக்கம் தேடலுக்குள் வரும். வாட்ஸ்அப் உரையாடலில் சொன்ன விலை தேடுபொறிக்குத் தெரியாது. தறிக்காரர் வாயால் சொல்லும் இந்த விவரங்கள் எந்த விளம்பர நிறுவனத்திடமும் கிடையாது என்பது வேறு விஷயம்.

இன்றைய நிலை

கூகுள் 2024இல் செயற்கை நுண்ணறிவு கொண்டு விடையைத் தானே எழுதி மேலே வைக்கத் தொடங்கியது. இந்தியாவில் ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்த இந்த வசதியைத் தமிழுக்கும் விரிப்பதாக அக்டோபரில் அறிவித்தது. விடை மேலேயே கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் தளத்துக்குள் ஏன் போக வேண்டும் என்பதுதான் இப்போது தொழிலின் கவலை. ‘அசல் காஞ்சிப் பட்டை எப்படிக் கண்டுபிடிப்பது’ என்ற கேள்விக்கு எந்திரம் எழுதும் விடை யாரோ ஒருவர் எழுதியதிலிருந்து எடுத்ததுதான். அதை எழுதியவர் நெசவாளியா, எட்ட இருந்து விற்பவரா என்பதில்தான் விடையின் தரம் இருக்கிறது.

ஏனாத்தூரிலோ காந்தி சாலையிலோ கடை வைத்திருப்பவர், முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று உத்தரவாதம் தந்து முன்பணம் கேட்பவரிடம் பேசும்முன் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. கூகுளில் கடையைப் பதிவு செய்து, முகவரி, நேரம், தொலைபேசி எண்ணைச் சரியாக வைக்கக் கட்டணம் கிடையாது. கூகுளில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அந்த நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது.