மேனுவல் படிச்சீங்களா?

புதிதாகக் கேமரா வாங்கியவர் பெட்டியைப் பிரிப்பார், பேட்டரியை மாட்டுவார், உடனே வீட்டுப் பூனையைப் படம் எடுப்பார். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் கையேடு பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போகும். "மேனுவல் படிச்சீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் யாருங்க படிக்கிறா, யூடியூப்ல பார்த்துக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

படிப்பதா வேண்டாமா என்பது சோம்பல் சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாகத் தெரியலாம். பொறியியல் துறையில் வேலை செய்வதால் எனக்குக் கையேடு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. ஒரு கருவியில் எந்த முடிவைப் பயன்படுத்துபவர் எடுக்க வேண்டும், எந்த முடிவைத் தயாரித்தவர்கள் முன்னாடியே எடுத்துவிட்டார்கள் என்பதை எழுத்தில் சொல்லும் ஆவணம் அது. 1839 தொடங்கி இன்று வரை வந்த கேமராக் கையேடுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், அது படம் எடுப்பவரின் கையிலிருந்து முடிவுகள் ஒவ்வொன்றாக நழுவிப்போன கதையாக இருக்கிறது.

கேமரா உலகத்துக்கு வந்ததே கையேட்டோடுதான். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில், அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் லூயி டாகேரின் செய்முறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியமாகத் தர ஒப்புக்கொண்டு அந்த ரகசியத்தை வாங்கியிருந்தது. வாங்கிய பின் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. எப்படித் திறந்துவிட்டது? டாகேர் எழுதிய ஒரு சிறு நூலின் வழியாக. அல்போன்ஸ் ஜிரூ என்பவர் செய்து விற்ற கேமராவின் விலை 400 பிராங்க். சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஆனால் நூல் கையில் இருந்தால் உள்ளூர்த் தச்சரையும் கண்ணாடிக்காரரையும் வைத்து ஒரு பெட்டியைச் செய்துகொள்ளலாம். பல நாடுகளில் அப்படித்தான் செய்தார்கள். அன்றைக்கு மேனுவல்தான் கண்டுபிடிப்பு. கேமரா அதற்கு ஒரு துணைக்கருவி.

அந்த நூல் கேட்கும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை நுரைக்கல் தூளும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தேய்க்க வேண்டும். அயோடின் ஆவியில் அது பொன்மஞ்சள் நிறத்துக்கு வரும்வரை காட்ட வேண்டும். பிறகு கேமராவில் வைத்து, வெளிச்சத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை திறந்து வைக்க வேண்டும். கடைசியில் பாதரசத்தைச் சூடாக்கி, அதன் ஆவியில் படம் எழுவதைச் சிறு கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் "போதும்" என்று சொல்ல வேண்டியது மனிதனின் கண்.

இந்த வித்தை நம் பக்கம் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. மலாக்காவில் பிறந்து, சிறு வயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் இந்தக் கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் அந்த நூலை முடித்தது 1843இல், அச்சில் வந்தது 1849இல். அதிசயம் என்று வியந்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. தகடு எப்படித் தயாராகிறது, படம் எப்படி எழுகிறது என்று தான் கண்டதைப் படிப்படியாக மலாயில் சொல்லப் பார்க்கிறார். ஒரு வகையில் அதை மலாய் மொழியில் எழுதப்பட்ட ஆரம்பகாலக் கேமராக் கையேடு என்றே சொல்லலாம். அதே 1843இல் சிங்கப்பூரில் டுட்ரோன்குவா என்ற ஹோட்டல் உரிமையாளர், டாகேர் முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்.

அடுத்த கட்டத்தில் நம்முடைய ஆட்களே வருகிறார்கள். 1862இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் இப்பகுதிக்கு வந்தார். பினாங்கில் தொழில் செய்தபோது, படங்களை அச்சிடவும் உதவிக்கும் இரண்டு மதராஸ்காரர்களைப் பழக்கி வைத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதிய பயண நூலில் குறிப்பிடுகிறார். சீனர்கள் அதை ஏதோ பேய் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். அப்போது பழக்கத்தில் இருந்தது ஈரத் தகட்டு முறை. கண்ணாடியில் கொலோடியன் கரைசலை ஊற்றி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். கரைசலில் இருக்கும் ஈதர் பினாங்கு வெயிலில் எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டன் குளிரில் எழுதிய கையேட்டின் நேரக்கணக்கு இங்கே அப்படியே பலித்திருக்காது. அந்த இருவரும் எந்த மேனுவலைப் படித்திருப்பார்கள்? பக்கத்தில் நின்று பார்த்து, கைப்பழக்கத்தில் கற்றிருப்பார்கள். நம் சமூகத்தில் ஸ்டூடியோ தொழில் பல காலம் இப்படித்தான் கைமாறி வந்தது. முதலாளியிடம் திட்டு வாங்கி, இருட்டறையில் நின்று கற்றுக்கொள்வது. தமிழில் அச்சிட்ட ஒரு கேமராக் கையேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

1888இல் ஆட்டம் மாறியது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' என்ற கேமராவை 25 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். கயிற்றை இழு, சாவியைத் திருகு, பொத்தானை அழுத்து. அவ்வளவுதான் வேலை. சுருள் முடிந்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலர் வாங்கிக்கொண்டு படங்களை அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். "நீங்கள் பொத்தானை அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். அந்தக் கேமராவோடு வந்த கையேட்டை எழுதியவர் ஈஸ்ட்மன்தான். அதில் அவர் தெளிவாக ஒரு கோடு போடுகிறார்: யாரும் செய்யக்கூடிய வேலை ஒரு பக்கம், நிபுணர் மட்டுமே செய்யக்கூடிய வேலை மறுபக்கம். இரண்டையும் பிரித்ததுதான் தன் கண்டுபிடிப்பின் அடிப்படை என்கிறார்.

நான் ஈஸ்ட்மனைக் குறை சொல்ல வரவில்லை. 1900இல் ஒரு டாலருக்கு வந்த பிரவுனி கேமராவால்தான் சாமானியக் குடும்பங்களுக்கும் ஆல்பம் என்று ஒன்று உண்டானது. ஆனால் அன்றைக்குப் போட்ட கோடு பிறகு அழியவே இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நமக்காக முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் ஒரு நல்ல காலமும் இருந்தது. பிலிம் டப்பா வந்த அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். சூரியன், மேகம், நிழல் என்று குட்டிக் குட்டிப் படங்கள், பக்கத்தில் எண்கள். நல்ல வெயிலில் லென்ஸ் துளை எப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஆஸா எண்ணுக்கு ஈடாக. ஆஸா 100 என்றால் 1/125 நொடி. லேசான மேகம் என்றால் எப் 11, முழுக்க மூடிய வானம் என்றால் எப் 5.6. உள்ளங்கை அளவுத் தாளில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக் கொடுத்த மேனுவல் அது. அந்தக் காலத்து மாமாக்கள் சிலர் இன்றைக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மீட்டரே இல்லாமல் எண்ணைச் சொல்வார்கள். மனப்பாடம் ஆகிவிட்ட கையேடு அது.

பிறகு இயந்திரம் நுழைந்தது. 1976இல் கேனன் ஏஇ-1, உள்ளே நுண்செயலியோடு. 1977இல் கொனிக்கா சி35 ஏஎப், தானே குவியம் பார்த்துக்கொள்ளும். 1983இல் நிக்கான் எப்ஏ, காட்சியை 5 பகுதிகளாகப் பிரித்து வெளிச்சத்தைக் கணக்கிடும். 1985இல் மினோல்டா 7000. கேமரா எல்லாவற்றையும் தானே செய்கிறது என்றால் கையேடு மெலிந்திருக்க வேண்டும் இல்லையா? நேர்மாறாக நடந்தது. இன்றைய கேமராக்களின் முழுக் கையேடுகள் பல நூறு பக்கங்கள் போகின்றன. காரணம் இருக்கிறது. ஒவ்வொரு 'ஆட்டோ'வும் எங்கோ ஒரு மேசையில் ஒரு குழு எடுத்த முடிவு. முடிவுகள் பெருகப் பெருக அவற்றை மாற்றுவதற்கான மெனுவும் பெருகும், மெனு பெருகினால் பக்கமும் பெருகும். ஆகவே அந்தத் தடித்த புத்தகம் நமக்காக மற்றவர்கள் எடுத்த முடிவுகளின் பட்டியல்.

இதில் நமக்கு என்ன நட்டம்? இங்கேதான் விஷயம் நம் தோலைத் தொடுகிறது.

கேமராவின் வெளிச்சமானிக்கு முகம் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்து நின்றால் அதைச் சாம்பலாக்கப் பார்த்து வெளுக்க வைக்கும். அதே முகம் வெள்ளை வேட்டிக்கும் பளீரென்ற வானத்துக்கும் நடுவே நின்றால், வெள்ளையை அடக்குகிறேன் என்று முகத்தைக் கரியாக்கிவிடும். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடிக்கின்றன, உண்மைதான். அந்த முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பது மறுபடியும் யாரோ எடுத்த முடிவு.

அந்த 'யாரோ'வுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் வண்ண அச்சுக்கூடங்களுக்கு ஓர் ஒப்பீட்டு அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்ற ஊழியரின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதில் மறக்க முடியாத ஒரு தகவல்: பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்ற புகாரை நிறுவனம் காதில் வாங்கிக்கொண்டதற்கு மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் ஒரு முக்கியக் காரணம். கறுத்த மனிதர்களின் முகத்துக்காக நடக்காதது மேசைக்காகவும் மிட்டாய்க்காகவும் நடந்தது. பிறகு அட்டையும் மாறியது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில், கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதையே 'ரியல் டோன்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. அதைத் தனியாக விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது என்பதே அதுவரை நிலைமை என்ன என்பதைச் சொல்கிறது.

நம் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். "கேமரா அப்படித்தான் எடுக்கும்ங்க" என்று படக்காரர் சொன்னால் நாமும் கேட்டுக்கொள்கிறோம். கேமரா அப்படி எடுப்பதற்கு மெனுவில் ஒரு பெயர் இருக்கிறது, கையேட்டில் ஒரு பக்க எண் இருக்கிறது.

எனவே என் பதில்: படியுங்கள், ஆனால் முதல் நாள் வேண்டாம். ஒரு வாரம் மனம்போல எடுங்கள். எரிச்சல் ஊட்டிய பத்துப் படங்களை வைத்துக்கொண்டு பிறகு உட்காருங்கள். கேள்வியோடு போகிறவருக்குத்தான் மேனுவல் பதில் சொல்லும். வெளிச்சமானி எந்தெந்த முறையில் அளக்கிறது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எந்தப் பொத்தானில், வைட் பேலன்ஸ் எங்கே, தோலை மழுமழுப்பாக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறதா, இந்த நான்கும் போதும். யூடியூப்காரர் தனக்குப் பிடித்த அமைப்பைச் சொல்வார். கையேடுதான் அவருக்குத் தேவைப்படாததையும் சொல்லும். கேமராவை எப்படிப் பாதுகாப்பது என்ற பக்கத்தையும் விடாதீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடத்தில் வைக்கக் கூடாது என்று இருக்கும். அதன்படி பார்த்தால் மலேசியாவிலேயே கேமரா வைத்திருக்க முடியாது. ஒரு டிரை பாக்ஸ் வாங்கிவிடுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்தபின் அழுது பயனில்லை.

கையேட்டில் கிடைக்காததும் ஒன்று உண்டு. எந்தப் பொத்தான் என்று சொல்லும். யாருடைய முகத்துக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதற்குப் பழைய படக்காரர்களிடம் ஒரு வழி இருந்தது. மனிதர்களின் தோல் நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கை அவ்வளவு வேறுபடுவதில்லை. அது நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. தைப்பூசத்தன்று பத்துமலையில், வெயிலில் தகதகக்கும் 42.7 மீட்டர் முருகன் சிலையின் முன்னால் காவடி எடுத்து வருபவரைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அவர்மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிப் பூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் தங்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திருநீறு வெள்ளையாகவும், அவருடைய தோள் அவருடைய நிறத்திலும் வரும். பூட்டும் பொத்தான் எது என்பது மேனுவலில் இருக்கிறது.