1443: விஜயநகரத்து வாணவேடிக்கையும் சிவகாசி வட்டாரமும்

கி.பி. 1443 பல நாடுகளின் வரலாற்றைத் திருப்பிவிட்ட ஆண்டு. பிப்ரவரியில் அரகோன் மன்னர் அல்போன்சோ நேப்பிள்ஸ் நகருக்குள் வெற்றி உலா வந்தார். நவம்பரில் ஹங்கேரியின் யானோஷ் ஹுன்யாடி நிஷ் போரில் ஒட்டோமான் படையை முறியடித்தார். அதே மாதம் ஸ்கந்தர்பெக் ஒட்டோமான்களை விட்டு விலகி அல்பேனியாவின் குரூயா கோட்டையைக் கைப்பற்றினார். கொரிய மன்னர் சேஜோங் தம் மக்களுக்கென வகுத்த எழுத்துமுறையும் அந்த ஆண்டின் இறுதியை ஒட்டியே உருப்பெற்றது. உலகக் காலவரிசைகள் இவற்றைத் தவறாமல் சொல்கின்றன. விஜயநகரத்தில் அவ்வாண்டு நடந்த ஒரு திருவிழாவை அவை பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அச்சங்குளம், சாத்தூர், சிவகாசி என வெடிமருந்தை நம்பிப் பிழைக்கும் வட்டாரத்துக்கு அந்த விழாதான் 1443இன் முதன்மை நிகழ்ச்சி. ஆனால் அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பு வேண்டும்.

தைமூரின் மகன் ஷாருக் ஹெராத்திலிருந்து அனுப்பிய தூதர் அப்துர் ரசாக், கள்ளிக்கோட்டையில் சில மாதங்கள் தங்கிவிட்டு 1443 ஏப்ரலில் விஜயநகரத்துக்கு வந்து சேர்ந்தார். அரியணையில் இருந்தவர் இரண்டாம் தேவராயர். அதற்குச் சற்று முன்புதான் அரசரின் சகோதரர் ஒருவர் விருந்துக்கு அழைத்துப் பிரமுகர்களைக் கொன்று, அரசரையும் கத்தியால் தாக்கியிருந்தார். அரசர் காயத்தோடு பிழைத்தார். அந்த நிலையிலும் விழா குறைவில்லாமல் நடந்தது. மாகாணங்களிலிருந்து அலங்கரித்த யானைகள் வந்து திரண்டன. பல அடுக்கு மண்டபங்கள் ஓவியங்களும் உருவங்களுமாக நின்றன. உத்தரத்தின் ஒரு முனையில் யானை, மறுமுனையில் எடைக்கு எடை கல். பாட்டுக்கேற்ப அந்த யானை ஏறி இறங்கி ஆடியதை அப்துர் ரசாக் நிதானமாக விவரிக்கிறார். வாணவேடிக்கைக்கு வரும்போது மட்டும், வகைகளையெல்லாம் சொன்னால் நீண்டுவிடும் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறார். புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி. கே. கோடே, இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதியபோது அந்த ஒற்றை வாக்கியத்தை முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

ஒரு வாக்கியம் போதுமா என்று கேட்கலாம். அப்துர் ரசாக் தம் நூலை எழுதி முடித்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். தேதியிலும் சிக்கல் இருக்கிறது. அவர் இதை மகாநவமி என்கிறார். ஆனால் அவர் குறிக்கும் ரஜப் மாதம் அவ்வாண்டு அக்டோபர் கடைசியில்தான் பிறந்தது, நவராத்திரி அதற்குள் முடிந்திருக்கும். எனவே மாதத்தை மறந்திருக்கலாம், அல்லது தீபாவளியை அடுத்து வந்த கொண்டாட்டத்தை மகாநவமி என்று எழுதியிருக்கலாம். எந்த விழா என்பது ஐயத்துக்குரியதே தவிர, எதைப் பார்த்தார் என்பது ஐயத்துக்குரியதல்ல. எரிமருந்துகளை நன்கறிந்த நாட்டிலிருந்து வந்தவர் விளக்கு வரிசையை வாணவேடிக்கை என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். ஆகவே வெடிமருந்தைத் தென்னிந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர்தான் கொண்டுவந்தார்கள் என்று இன்றும் சொல்லப்படும் கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. அவர்கள் கொண்டுவந்தது மேம்பட்ட பீரங்கியும் துப்பாக்கியும். மருந்து அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அரசவைக் கொண்டாட்டத்தில் இருந்தது.

இதற்கு நேரெதிரான மிகை ஒன்றும் உண்டு. விஜயநகரத்தில் 1443லேயே வாணவேடிக்கை இருந்ததால் சிவகாசித் தொழிலும் அவ்வளவு பழையது என்று நீட்டிவிடுவது அது. அவ்வாண்டு மதுரைப் பகுதி விஜயநகர அதிகாரத்தின் கீழ் இருந்தது உண்மை; தளபதி லக்கண்ணா தென்கடலின் அதிபதி என்ற விருது பெற்றிருந்தார், தேவராயரின் அமைச்சர் இலங்கைப் பக்கம் சென்று திரும்பியதை அப்துர் ரசாக்கும் குறிப்பிடுகிறார். தென்காசியில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் ஆண்டான். காசியிலிருந்து அவன் கொண்டுவந்த லிங்கம் வழியில் நிலைகொண்ட இடமே சிவகாசி என்பது தலபுராணக் கதை. ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் தொடர்பு உண்டு, தொழிலுக்கு இல்லை. மழை குறைந்த, விவசாயம் கைகொடுக்காத இந்தக் கரிசல் பூமிக்கு 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பட்டாசு அதைத் தொடர்ந்து வந்தது. தொழில் இங்கே வேர்விடக் காரணம் வறண்ட காற்றும் வேலை தேடிய கைகளும். அந்தக் கைகளின் சாதனைக்கு ஒரு பேரரசின் முன்வரலாறு தேவையில்லை.

அப்துர் ரசாக்கின் வாக்கியத்தில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். வெடியுப்பைக் காய்ச்சியவர் யார், கரியை இடித்தவர் யார், மருந்து கலக்கும்போது யாருக்காவது தீக்காயம் பட்டதா என்று ஒரு சொல் கிடையாது. தூதர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தவர். அவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பது நியாயமான பதில்தான். ஆனால் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். மருந்து அறையில் சிறு உராய்வும் உயிர் குடிக்கும் என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த நாள் முதல் உள்ள இயல்பு. ஆகவே வாணவேடிக்கையின் காலவரிசையில் 1443 இடம்பெறும்போது 2021உம் அதே பட்டியலில் இடம்பெற வேண்டும்.