பின்ச்சன், வில்லியம் (சு. 1590–1662)

மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டமன்ற உறுப்பினர், தோல் வணிகர், ஸ்பிரிங்ஃபீல்டு நகரை நிறுவியவர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்தவர். மாசச்சூசெட்ஸ் வளைகுடா கம்பெனிக்கு 1629இல் கிடைத்த அரச பட்டயத்தில் இவர் பெயரும் உண்டு. மறு ஆண்டே ஜான் வின்த்ராப்பின் கப்பல்களோடு குடும்பத்துடன் வந்து இறங்கினார்; வந்த சில மாதங்களில் மனைவி இறந்தார். ராக்ஸ்பரி ஊரை அமைப்பதில் முன்நின்ற இவர், பின்னர் குடியேற்றத்தின் பொருளாளராகவும் இருந்தார்.

பீவர் தோல் வணிகத்தை நாடி 1636இல் கனெக்டிகட் ஆற்றங்கரையிலுள்ள அகவாமுக்குச் சென்றார். பூர்வகுடிகளிடம் நிலம் வாங்கியதற்கு அவ்வாண்டு ஜூலை 15ஆம் நாள் எழுதிய பத்திரம் படித்துப் பார்க்கத் தக்கது. விலையாகச் சிப்பிமணிச் சரம் 18 பாகம், மேலங்கி 18, கைக்கோடரி 18, களைக்கொத்து 18, கத்தி 18. விற்றவர்கள் தாங்கள் பயிரிட்டிருந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். மீனும் மானும் பிடிக்கலாம். ஓக் கொட்டை பொறுக்கலாம். குடியேறியவர்களின் மாடு பூர்வகுடிகளின் சோளத்தை மேய்ந்தால் நட்ட ஈடு தர வேண்டும். அக்காலத்து நிலப்பத்திரங்களில் இவ்வளவு கவனம் அரிது.

1638இல் சோளத் தட்டுப்பாடு வந்தபோது, பூர்வகுடிகளை மிரட்டியாவது தானியம் பெற வேண்டும் என்றது கனெக்டிகட் தரப்பு. பின்ச்சன் இணங்கவில்லை. பதுக்கல் குற்றம் சாட்டி அபராதம் விதித்தார்கள். அகவாம் கனெக்டிகட்டை விட்டு மாசச்சூசெட்ஸோடு சேர்ந்தது. இவரது சொந்த ஊரின் பெயரையே பெற்றது.

1650இல் லண்டனில் இவர் எழுதிய இறையியல் நூல் வெளிவந்தது. கிறிஸ்து நரக வேதனையை அனுபவித்து மீட்பளிக்கவில்லை, தம் முழுமையான கீழ்ப்படிதலாலேயே மீட்டார் என்பது அதன் வாதம். பியூரிட்டன் போதகர்களுக்கு இது பெரும் அதிர்ச்சி. இவர் உறுப்பினராக இருந்த அதே சட்டமன்றமான பொதுமன்றம் நூலைக் கண்டித்து, போஸ்டன் சந்தைவெளியில் எரிக்க ஆணையிட்டது. தம் கருத்தைத் திரும்பப் பெறுமாறும் இவரைப் பணித்தது. ஓரளவு இறங்கிவந்தும் பதவி போயிற்று. மனச்சான்றுக்காக இப்படித் துன்பப்பட்ட இவரே, 1651இல் ஹியூ பார்சன்ஸ் மீதான சூனிய வழக்கில் நீதிபதியாக அண்டை அயலாரின் சாட்சியங்களைப் பதிவு செய்தார் என்பதையும் மறைக்க முடியாது.

நிலங்களை மகன் ஜானுக்கு எழுதிவைத்துவிட்டு 1652இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே தம் வாதத்தை விடாமல் மேலும் நூல்கள் எழுதினார். 1662 அக்டோபரில் ரேஸ்பரியில் காலமானார். நாவலாசிரியர் தாமஸ் பின்ச்சன் இவர் வழிவந்தவர்.