நெட்டையா, செவ்விளநீரா?

கடையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய பிறகு, வளவில் தென்னம்பிள்ளை வைக்கும் எண்ணம் யாருக்கும் வரும். நிலாவெளி மணலும் தென்னைக்கு வாகானதுதான். எதை வைப்பது என்பதில்தான் இழுபறி: வீட்டுச் சமையலுக்கு நெட்டையா, கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு வெட்டிக் கொடுக்கச் செவ்விளநீரா?

சொதிக்கும் சம்பலுக்கும் செவ்விளநீரை நம்ப முடியாது. முற்றவிட்டாலும் பருப்பு மெல்லியது. பிழிந்தால் பால் தண்ணியாகத்தான் வரும். ஏழெட்டு மாதக் காயாக நீருக்கு வெட்டினால்தான் அதற்கு மதிப்பு. அதையும் மேலிருந்து தள்ளிவிடலாகாது, குலையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். நெட்டையோ அறுபது வருடம் தாண்டியும் நிற்கும்; தேங்காயும் தரும், வேலிக்குக் கிடுகும் தரும். ஏறுவதற்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.

கன்று வாங்குபவர் பலர் கவனிக்காதது பாளையை. நெட்டையின் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிரத் தொடங்கும். அவை ஓய்ந்த பிறகே பெண் பூ மகரந்தத்துக்குத் தயாராகும். ஆகவே மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வரும். அயல் வளவில் நிற்கும் சோத்தி மரமும் தகப்பனாகலாம். குலை குலையாய்க் காய்க்கும் மரத்தின் நெற்று என்று ஆசையாய் முளைக்க வைத்தால், தாயைத் தெரியும், தகப்பனைத் தெரியாது. இந்தச் சிக்கலுக்காகவே லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் 1955இல் அம்பகெலேயில் வெளி மகரந்தம் எட்டாத தனி விதைத்தோட்டம் அமைத்தது. சி.ஆர்.ஐ.சி. 60 என்ற நெட்டைக் கன்று அந்த வழியில் வந்தது.

செவ்விளநீரில் அந்தக் கவலை குறைவு. ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒருசேர விழித்திருப்பதால் பிள்ளை தாயைக் கொண்டே வரும். நல்ல மரத்து நெற்றை நாமே நாற்றுப் போடலாம். முளையின் காம்பு செம்மஞ்சளாக இருந்தால் சரி. பச்சையோ பழுப்போ தெரிந்தால் நெட்டை கலந்துவிட்டது, பிடுங்கிவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் நெட்டை ஓரளவு பொறுக்கும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரைதான். சுற்றுலாக்காரர் கூடுவதோ மே முதல் செப்டம்பர் வரை. செவ்விளநீருக்குக் கிராக்கி ஏறும் அதே மாதங்களில் மரமும் தாகத்தில் நிற்கும். அப்போது ஊற்றாவிட்டால் குரும்பட்டி கொட்டும். அந்த நட்டம் குலையில் தெரிய மாதங்கள் ஆகும். மூன்றடிக் குழியின் அடியில் பொச்சு மட்டையைக் குழிந்த பக்கம் மேலாக இரண்டு அடுக்கு பரப்பி, மாரி தொடங்கும்போது நட்டால், மணலில் இறங்கி ஓடும் ஈரம் கொஞ்சம் தங்கும்.

ஒரு குழிக்குத்தான் இடம் என்றால் நான் நெட்டையைச் சொல்வேன், நிலையத்துக் கன்றாக. விடுதி நடத்துபவர் கிணற்றடியில் செவ்விளநீரும் வைக்கட்டும், இடையே 26 அடி விட்டு. எருக்கும்பியை மட்டும் தள்ளியே குவிக்க வேண்டும்: கருவண்டு அதில் முட்டையிடும், அது துளைத்த குருத்து வழியாகச் செவ்வண்டும் புகும்.