பழி விழுந்த குரல்: அயன் மெய்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’

1995 அக்டோபர் 2. இங்கிலாந்தில் அன்று ஒரே நாளில் இரண்டு ஆல்பங்கள் கடைக்கு வந்தன. ஒன்று ஒயாசிஸின் ‘மார்னிங் குளோரி’. பிரிட்பாப் என்றாலே இன்றும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இன்னொன்று அயன் மெய்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’. அதை மெய்டன் ரசிகர்களே தாண்டிப் போய்விடுவார்கள். ஏன் என்று கேட்டால், “பாடகர் சரியில்லை” என்று ஒரே வரியில் தீர்ப்பு வரும்.

இந்தத் தீர்ப்பு சரிதானா?

1993இல் புரூஸ் டிக்கின்சன் குழுவை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வுல்ஃப்ஸ்பேன் குழுவில் பாடிக்கொண்டிருந்த ப்ளேஸ் பெய்லி வந்தார். போனது அவர் மட்டுமல்ல. 1981 முதல் 1992 வரை மெய்டனின் ஒலியைச் செதுக்கிய தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச்சும் ஓய்வு பெற்றுவிட்டார். பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ், நைஜல் கிரீனுடன் சேர்ந்து எசெக்ஸில் இருந்த தன் சொந்த ஸ்டூடியோவிலேயே ஆல்பத்தைத் தயாரித்தார். அப்போது அவருடைய மணவாழ்க்கையும் முறிந்துகொண்டிருந்தது. வெளியே கிரஞ்ச் அலை அடித்துவிட்டுப் போயிருந்தது. ஹெவி மெட்டலைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிய காலம்.

இவ்வளவும் பாட்டில் கேட்கிறது. முதல் பாட்டு ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ 11 நிமிடம். உம்பர்ட்டோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ நாவலின் நிழல் அதில் இருக்கிறது. தேவாலயக் கோரஸ் மெல்ல எழுந்து, கிட்டார் வந்து சேரவே சில நிமிடங்கள் ஆகும். புதுப் பாடகரை அறிமுகப்படுத்தும் ஆல்பத்தை இப்படித் தொடங்க ரொம்பத் துணிச்சல் வேண்டும். ‘மேன் ஆன் தி எட்ஜ்’ ‘ஃபாலிங் டவுன்’ படத்திலிருந்து பிறந்தது. ‘தி எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்’ ‘அப்போகலிப்ஸ் நவ்’ கதையைச் சொல்கிறது. ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ வீடு திரும்பியும் போரிலிருந்து மீளாத சிப்பாயின் பாட்டு. இதில் சாகசமோ வெற்றி முழக்கமோ கிடையாது. சந்தேகமும் குற்றவுணர்வும்தான்.

இந்தப் பாட்டுகளை யார் பாட வேண்டும்? டிக்கின்சனின் குரல் உச்சிக்குப் பறக்கும் குரல். ப்ளேஸுடையது தாழ்ந்த, கனத்த பாரிடோன். உடைந்த மனிதர்களின் கதைக்கு அந்தக் கனம்தான் பொருந்துகிறது. சிக்கல் மேடையில் வந்தது. டிக்கின்சனுக்காக எழுதிய பழைய பாட்டுகளை அதே சுருதியில், இரவுக்கு இரவு ப்ளேஸ் பாட வேண்டியிருந்தது. ஒரு எஞ்சினியராகச் சொல்கிறேன்: ஒரு அளவுக்காகச் செய்த பாகத்தை வேறு மெஷினில் பொருத்திவிட்டு, ஓடவில்லை என்று பாகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

குறை இல்லாமல் இல்லை. 11 பாட்டு, 71 நிமிடம் என்பது நீளம்தான். மெதுவான முன்னுரை, பிறகு வேகம் என்கிற அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஒலிப்பதிவு வறண்டு கிடக்கிறது. கிட்டார்கள் மெலிந்து கேட்கின்றன. ஆனால் இவை எதுவும் பாடகரின் கணக்கில் சேராது.

1992இல் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இது 8ஆம் இடத்தோடு நின்றது. 1998இல் ‘வர்ச்சுவல் லெவன்’ அதைவிடக் கீழே போனது. 1999இல் ப்ளேஸ் வெளியேற்றப்பட்டார், டிக்கின்சன் திரும்பினார். வெற்றியோடு திரும்பியவர்கள் பக்கமே வரலாறு சாய்ந்தது. இடையில் கடையைத் திறந்து வைத்திருந்தவர் ‘தவறான தேர்வு’ ஆகிவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2001 ரியோ மேடையில் டிக்கின்சனே ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ பாடினார். 2018இல் தொடங்கிய சுற்றுப்பயணத்திலும் பாடினார். ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ பாட்டையும் மெய்டன் பிறகு மேடையேற்றியது. மோசமான ஆல்பத்திலிருந்து யாரும் இப்படிப் பாட்டு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரியோ பதிவைக் கேளுங்கள், பிரம்மாண்டமாக இருக்கும். பிறகு 1995 பதிவுக்கு வாருங்கள். டிக்கின்சன் அந்தப் பாட்டை வெல்கிறார். ப்ளேஸ் அதற்குள் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். பாட்டு கேட்பது அந்தத் தவிப்பைத்தான்.