நீலகிரியில் இலக்கணம் தேடியவர்கள்

1901-ல் ஊட்டிக்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைச் சந்திக்கச் சோதனைக் கருவிகளோடு போனார். நிறம், வாசனை, வலி, கண்ணை ஏமாற்றும் கோட்டுப் படங்கள் என ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். அம்புமுனை போட்ட இரண்டு கோடுகளில் எது நீளம் என்று கேட்டபோது, ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். முடிவுகள் 1905-ல் அச்சாயின. அத்தனை கேள்விகளும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே போய்வந்தன. தோடரின் மொழி அவருக்கு வராது.

மொழிக்கென்றே ஓர் ஆள் 1935-ல் வந்தார். அவர் பெயர் எம்.பி. எமனோ. அதே மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தரில் சுள்ளி என்பவர் கதை சொல்லச் சொல்ல, ஒலி ஒலியாக எழுதிக்கொண்டார். கோத்தர் கதைகள் 1944 முதல் நூலாயின. தோட மொழியின் இலக்கணம் 1984-ல்தான் வந்தது. ஒரே மலையில் இத்தனை இலக்கணங்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம்.

இலக்கணம் மொழிக்கு மொழி மட்டுமல்ல, பிள்ளைக்குப் பிள்ளையும் வேறுபடும். எமனோவின் கோத்தர் கதைகள் அச்சேறுவதற்கு ஓராண்டு முன்பு, 1943-ல், அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு ஒரு விரிவான சித்திரம் தந்தார். அவர்களில் சிலர் 'நான்' வர வேண்டிய இடத்தில் 'நீ' என்றார்கள். தமிழ் வீட்டில் இது வேறு மாதிரி கேட்கும். "பால் வேணுமா?" என்று அம்மா கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு, பசிக்கும்போதெல்லாம் "பால் வேணுமா" என்றே சொல்லும் பிள்ளை.

பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. 1981-ல் ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பெர்க் நடத்திய ஆய்வில், ஆட்டிசக் குழந்தைகள் சொல்வரிசையைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை விளங்கிக்கொண்டார்கள். உலகத்தில் எது நடக்கக்கூடியது என்ற அறிவை அவ்வளவாகத் துணைக்கு அழைக்கவில்லை. எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. வயதுக்கேற்ற இலக்கணத் தேர்ச்சி உள்ளவர்களும் உண்டு, பெரியவர்களான பிறகும் நீண்ட வாக்கியத்தில் தடுமாறுபவர்களும் உண்டு.

வாக்கியம் எவ்வளவு புரிகிறது என்பதை அளக்க டோரதி பிஷப் 1983-ல் வெளியிட்ட ஆங்கிலச் சோதனை எளிமையானது: ஒரு வாக்கியம், நான்கு படங்கள், சரியானதைத் தொட வேண்டும். அதை அப்படியே தமிழாக்கினால் ஆகாது. "நாய் பூனையைத் துரத்துது", "பூனையை நாய் துரத்துது" இரண்டிலும் ஓடுவது பூனைதான். "நாயைப் பூனை துரத்துது" என்றால் கதை மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் வரிசை செய்யும் வேலையை இங்கே ஒரு 'ஐ' செய்கிறது.

மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் இந்திய மொழிகளிலேயே சோதனைகள் வளர்ந்தன. பிரதிபா கரந்த் கன்னடத்துக்கு உருவாக்கிய மொழித்திறன் சோதனையில் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அந்த மைசூரிலிருந்து முதுமலை வழியாக நீலகிரி ஏறினால் நிலவரம் இன்னும் சிக்கல். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அந்த லயன் வீடுகளில் மலையகத் தமிழ், பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், அவர்களுடைய படுகு மொழி, கூடலூர்ப் பக்கம் மலையாளம், பல பள்ளிகளில் ஆங்கிலம். படுகு பேசும் வீட்டுப் பிள்ளையை ஆங்கிலப் படப் புத்தகத்தால் சோதித்து "புரியவில்லை" என்று குறித்துவிடுவது பெரிய அநியாயம். வீட்டில் என்ன மொழி என்பதுதான் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.