மிச்சிகன் 1976: சட்டத்தில் 'எடை' நுழைந்த வழி

உடல் எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைப் பெயர் சொல்லித் தடுத்த முதல் அமெரிக்க மாநிலச் சட்டம், மிச்சிகனின் எலியட்–லார்சன் குடிமை உரிமைச் சட்டம். 1976-இல் இயற்றப்பட்டு 1977 மார்ச் 31-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டப் பேராசிரியர் டெபரா ரோட் 2010-இல் வெளியிட்ட 'தி பியூட்டி பயஸ்' என்ற நூலில், இதை வாஷிங்டன் டி.சி., சான்டா குரூஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் சட்டங்களோடு சேர்த்துத் தோற்றப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களின் வரிசையில் வைக்கிறார். இத்தகைய சட்டம் வந்தால் வழக்குகள் குவிந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என அவர் நிறுவியது பெரும்பணி. ஆனால் அந்த வரிசைக்குள் மிச்சிகனை அடைப்பதை ஏற்க முடியவில்லை. அப்படி அடைத்தால் சட்டம் பிறந்த சூழல் மறைந்துபோகிறது.

சட்ட வாசகத்தைப் பிரிவு பிரிவாகப் படிக்கும்போது ஒரு வேறுபாடு தென்படுகிறது. வேலைவாய்ப்பு பற்றிய 202-ஆம் பிரிவு மதம், இனம், நிறம், வயது, பாலினம் போன்றவற்றை அடுக்கி, உடனே 'உயரம், எடை' என்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இவற்றைக் கேட்பதையே 206-ஆம் பிரிவு தடுக்கிறது. பொது இடங்கள் பற்றிய 302-ஆம் பிரிவிலும், வீட்டுவசதி பற்றிய 502-ஆம் பிரிவிலும் இவ்விரு சொற்களும் இல்லை! பருமனானவர்கள் படும் அவமதிப்பே நோக்கமாக இருந்திருந்தால், உணவக இருக்கையும் வாடகை வீடும் எப்படி விடுபட்டிருக்கும்? தொடக்கத்தில் வரும் 102-ஆம் பிரிவின் பொதுப் பிரகடனத்தில் இரண்டும் உள்ளன என்பது என் வாதத்துக்கு எதிரான சான்றுதான். ஆனாலும் அங்கே 'இச்சட்டம் தடைசெய்யும் அளவில்' என்ற வரம்பு இருக்கிறது.

அக்காலத்தில் உயரமும் எடையும் இணைந்தே பேசப்பட்ட இடம் காவல், சிறைப் பணிகளுக்கான ஆளெடுப்பு. அலபாமாவில் சிறைக்காவலராக விண்ணப்பித்த டயான் ராலின்சனுக்கு வேலை மறுக்கப்பட்டது, 120 பவுண்டு என்ற குறைந்தபட்ச எடை அவருக்கு இல்லை என்பதால். உயரத்துக்கும் 5 அடி 2 அங்குலம் என்று வரம்பு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் பெண்களில் 41.13 விழுக்காட்டினர் விலக்கப்படுவர். ஆண்களில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 1977 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்புகளைத் தள்ளியது. எடை காரணமாக உரிமை இழந்து நாடறிய வழக்காடியவர் ஒல்லியான பெண் என்பதை எடைப் பாகுபாட்டின் வரலாறு எழுதுவோர் விட்டுவிடக் கூடாது.

மிச்சிகன் சட்டம் இத்தீர்ப்புக்கு முந்தியது. ஆகவே தீர்ப்பின் விளைவு அல்ல. இரண்டுக்கும் பொதுவான ஊற்று ஆளெடுப்பு அளவுகளுக்கு எதிரான பெண்களின் போராட்டம் என்பதே என் கருத்து. பிரிவுகளின் அமைப்பிலிருந்து பெறும் ஊகம் இது. சட்டமன்ற உறுப்பினர்களின் மனத்துக்குச் சான்றாகிவிடாது.

எப்போது 'எடை' என்ற சொல் பருமனானவர்களின் கேடயமாக மாறியது? ஒரு தேதியைச் சுட்ட இயலாது. 2010-இல் மிச்சிகனின் ரோஸ்வில் நகரில் ஒரு பெரிய உணவகச் சங்கிலியின் பணிப்பெண், எடையைக் குறைக்கும்படி நெருக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தபோது மாற்றம் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. நியூயார்க் மாநகரம் 2023-இல் சட்டம் இயற்றியபோது 'உயரம், எடை' என்ற பழைய இணையையே எடுத்துக்கொண்டது. ஆனால் வேலையோடு வீட்டுவசதியையும் பொது இடங்களையும் சேர்த்தது.